மரணக் கிணற்றுக்கு ஸ்பெஷல் டிக்கெட் எடுக்கலாமா?

டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிற வேலைக்கு வாய் வேண்டும், காது வேண்டும், கண் மட்டும் வேண்டாம். பதினோரு வருடம் மரணக் கிணற்றுக்கு டிக்கெட் கிழித்த நான் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்தவள் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, நாலு ஆள் உயரத்துக்கு வட்டமாக ஒரு கூடு கட்டியிருப்பார்கள். ஜனங்கள் வெளியே படியேறி, மேலே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கீழேயிருந்து ஒரு மோட்டார் பைக்கும், கதவு கழற்றிய ஒரு பழைய மாருதி காரும் சுற்றிச் சுற்றி வேகமெடுத்து, அந்தச் சுவரிலேயே ஏறி ஓடும். காரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் தாமு. அவர் சுவரில் இருக்கும் ஏழெட்டு நிமிடமும் நான் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பேன். இன்ஜின் சத்தம் ஏறும், ஒரே சீராக நிற்கும், பிறகு மெல்ல இறங்கி அணையும். அணைந்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரும். வரிசை நகரவில்லை என்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், காரணம் இதுதான்.

சாதா டிக்கெட்டுக்கு மேலே நின்று பார்க்கலாம். ஸ்பெஷலுக்கு, ஆட்டம் தொடங்கும் முன் கிணற்றுக்குள் இறங்கலாம், காரைத் தொட்டுப் பார்க்கலாம், டிரைவர் சீட்டில் ஒரு நிமிடம் உட்காரலாம், தாமுவுக்குக் கை கொடுக்கலாம். அப்புறம் மேலே வந்து கம்பியோரமாக முதல் வரிசையில் நிற்கலாம். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போனாலும் எங்களுக்குப் பெரிய கூட்டம் சொந்த ஊரான திருவண்ணாமலையில், தீபத்துக்குத்தான். அங்கே என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, ஸ்பெஷல் எடுத்தால் லாபமா என்பது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற ரேஷன் கடைக்காரர், தபால் ஆபீஸ்காரர், பஸ் ஸ்டாண்டில் டைம் சொல்கிறவர் எல்லோரும் என் கட்சி. நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

ஏழு பேரும் சாதா

அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மொத்தம் ஏழு பேர். குடும்பத் தலைவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, “ஸ்பெஷல்ல இன்னா ஸ்பெஷல்?” என்று கேட்டார். நான் பாடத்தை ஒப்பித்தேன். காரைத் தொட்டுப் பார்ப்பதற்கா ஜாஸ்தி காசு என்று யோசித்துவிட்டு ஏழு பேருக்கும் சாதாவே வாங்கினார்.

ஆட்டம் முடிந்து இறங்கி வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்பது என் வழக்கம். என் புருஷன் என்ன செய்கிறார் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சுவரில் ஓடும்போதே இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்காருவார் என்பதே ஒரு பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று இந்தக் குடும்பத் தலைவரிடமும் கேட்டேன். அவர் முகத்தில் திருப்தியே இல்லை.

“நல்லாத்தாம்மா ஓட்றாரு. ஆனா விழற மாதிரியே தெரியலியே, அப்புறம் மரணக் கிணறுன்னு எதுக்கு போர்டு வெச்சிக்கிறீங்க?”

ஆறு போல்ட்டு

ஸ்பெஷல் டிக்கெட்டின் முழுப் பலனையும் அனுபவித்தவர் ஒரே ஒருவர்தான். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. காட்டன் புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தமிழ் பேசுவார். கீழே இறங்கியவர் காரையும் பார்க்கவில்லை, தாமுவையும் பார்க்கவில்லை. பலகையைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஆட்டத்துக்கு நிற்காமல் நேராகக் கவுண்ட்டருக்கு வந்து, பலகையைச் சேர்க்கிற இடத்தில் ஆறு போல்ட்டு இல்லை என்றார். தாமுவிடம் சொன்னேன், தாமு முதலாளியிடம் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்து, டிக்கெட் விற்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்றார். இருந்தாலும் அன்று சாயங்காலம் யாரோ ஸ்பானரோடு உள்ளே போனதைப் பார்த்தேன்.

மறுநாள் அந்த அம்மா மறுபடியும் ஸ்பெஷல் எடுத்து, இறங்கி, ஒரு சுற்று வந்து, வெளியே வந்தார். கைவிரலை எண்ணிக் காட்டிச் சொன்னார்.

“அம்மா, நேத்து ஆறு இல்லே. இன்னிக்கு மூணு இல்லே. நல்லது.”

ஸ்பெஷலுக்கும் மேலே ஒன்று

கழுத்தில் தடிச் செயின் போட்ட ஒருவருக்கு ஸ்பெஷல் போதவில்லை. காருக்குள் தாமு பக்கத்தில் உட்கார்ந்து தானும் சுற்ற வேண்டும் என்றார். முதலாளிக்குப் பண ஆசை வந்துவிட்டது. தாமு ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். காருக்குள் அவரைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது. ஒரு ஸ்க்ரூ, ஒரு துணி, ஒரு பீடிக்கட்டு கூட. சுவரில் ஓடும்போது உள்ளே கிடக்கிற சாமான் எங்கே உருண்டு எங்கே போய் மாட்டும் என்று சொல்ல முடியாது என்பார். மெக்கானிக் பாஷா பாய் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். ஸ்பெஷல்காரர்கள் உட்கார்ந்து எழுந்த பிறகு இன்னொரு முறையும் துழாவுவார். ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து ஸ்பெஷலுக்கு மேல் கொடுக்காதே என்று தாமு என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது அதற்காகத்தான். கூட்டம் கூடினால் பாய்க்கு இரண்டாவது முறை பார்க்க நேரம் இருக்காது.

செயின்காரர் விடவில்லை. கவுண்ட்டருக்கு வந்து என்னிடம் சிபாரிசு கேட்டார்.

“நீ சொன்னா கேப்பாரும்மா. செத்துட்டா எங்க வூட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வேணும்னா எழுதித் தர்றேன்.”

கீழ்பென்னாத்தூர் முருகேசன்

எல்லோரும் இப்படி இல்லை. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிற முருகேசன் என்று ஒருவர் வருடம் தவறாமல் தீபத்துக்கு வருவார். மலை சுற்றி முடித்துவிட்டு, வெறுங்காலோடு நேராக எங்களிடம்தான். எப்போதும் ஸ்பெஷல். லாபமா என்று கேட்காத ஒரே ஆள் அவர். கீழே இறங்கி, தாமுவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் எந்தெந்த ஊரில் ஓட்டினீர்கள், வண்டி எப்படி இழுக்கிறது என்று டிரைவருக்கு டிரைவர் விசாரிப்பார். முன் சக்கரத்தின் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார். தாமு சிரித்துக்கொண்டே அதை நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தாமு பத்திரமாக இறங்க வேண்டும் என்று இந்த உலகத்தில் என்னைப் போலவே நினைத்த இன்னொரு ஆள் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு வருடம் காருக்குள்ளும் ஒரு பழம் வைக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். “வெளிய எங்க வேணா வைங்கண்ணே, உள்ள மட்டும் வேணாம்” என்று தாமு சொல்லிவிட்டார். முருகேசனுக்கு அது குறையாகவே போய்விட்டது. போகும்போது என்னிடம் வந்து சொன்னார்.

“வெளிய வெச்சா வண்டிக்குத்தான் தங்கச்சி காவலு. உள்ள வெச்சாத்தான் அவருக்குக் காவலு.”

பதினாறாவது டிக்கெட்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

தீபத்துக்கு மறுநாள், மத்தியானம் மூன்று மணி ஆட்டம். பதினைந்து ஸ்பெஷலும் தீர்ந்து, ஜன்னலில் “ஸ்பெஷல் இல்லை” என்ற அட்டையை மாட்டிவிட்டேன். அப்போது முருகேசன் ஓடி வந்தார். வழியில் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாம். நெற்றி நிறைய விபூதி, காலெல்லாம் புழுதி, கையில் ஒரு மஞ்சள் பை. “தம்பியப் பாக்காம ஊருக்குப் போனா எனக்கு வண்டி எடுக்க மனசு வராது தங்கச்சி” என்றார். வேறு யாராக இருந்தாலும் அட்டையைக் காட்டியிருப்பேன். அவருக்குக் கிழித்துக் கொடுத்தேன். அவர் கடைசி ஆளாக உள்ளே போய், கடைசி ஆளாகச் சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். மைக்கில் ஆட்டம் ஆரம்பம் என்று கத்திவிட்டார்கள். பாஷா பாய் முதல் முறை துழாவியதோடு சரி.

இன்ஜின் சத்தம் ஏறியது, ஒரே சீராக நின்றது. இறங்க இன்னும் நேரம் இருந்தபோது இறங்கியது. பலகை இடிந்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மேலே நின்ற கூட்டம் ஒரே குரலில் கத்தியது. நான் கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஸ்பெஷல்காரர்கள் போகிற சின்னக் கதவு வழியாக ஓடினேன். பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் கிணற்றுக்குள் போனேன். அண்ணாந்து பார்த்தால் வட்டமாகத் தலைகள், எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தாமு காருக்கு வெளியே மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாலு பேர் அவரைப் பலகையில் வைத்துத் தூக்கி வெளியே வரும்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். கையில் ஸ்பெஷல் டிக்கெட் இருந்தது.

“இன்னாம்மா இது, கார் வுழுந்தது எதிர்ப்பக்கம். நான் நின்ன எடத்திலேருந்து ஒண்ணுமே தெரியல, ஸ்பெஷல்னு எதுக்கு வாங்கறது?”

பாஷா பாய்

தாமு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு அதிகம் இல்லை. “மிதிச்சேன், உள்ள போவல” என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். ஆக்சிலேட்டரைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. சுவரில் வேகம் குறைந்தால் வண்டி நிற்காது, விழும். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு பாஷா பாய் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பாதி நசுங்கிய எலுமிச்சம்பழம், அதில் குங்குமம். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று. அதை வைத்தவருக்கு வழி விட்டவள் நான் என்பதும் தெரிந்துபோயிற்று. பாய் ஆறடி ஆள், குழந்தை மாதிரி அழுதார்.

“பெடலுக்குக் கீழ இதான் கெடந்துச்சும்மா. நான் பாக்கும்போது இல்ல, அல்லா மேல ஆணையா நான் பாக்கும்போது இல்ல.”

மறு வருடம்

வேறு வேலை தெரியாது. அடுத்த தீபத்துக்கும் அதே கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். காரை ஓட்ட இருபத்தி மூன்று வயதில் ஒரு புதுப் பையன் வந்திருந்தான். அதற்கு முந்தின மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முருகேசன் வருவார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வருடம் முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நல்ல வார்த்தைகள் இல்லை அவை.

வந்தார். ஜன்னலுக்கு முன்னால் நின்றார். பாதியாக இளைத்திருந்தார். அப்புறம் மஞ்சள் பையைக் காட்டி, புதுப் பையனுக்கும் ஒரு பழம் கொண்டு வந்திருக்கிறேன், ஒரு ஸ்பெஷல் கொடு என்றார். என் முன்னால் ஸ்பெஷல் டிக்கெட் கட்டு பிரிக்காமல் இருந்தது. அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். “ஸ்பெஷல் தீந்துபோச்சுண்ணே, சாதாதான் இருக்கு” என்றேன். அவர் சாதாவை வாங்கிக்கொண்டார். வருடம் முழுக்க சேர்த்து வைத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்.

“மனசத் தேத்திக்க தங்கச்சி. அன்னிக்கு அவருக்குத் தெரியாம சீட்டுக்கு அடியில நான் ஒரு பழம் வெச்சிட்டு வந்தேன், அது இருந்ததாலதான் மூணு நாளாச்சும் உசுரோட இருந்தாரு.”

ஆகவே ஸ்பெஷல் எடுத்தால் லாபமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் எப்போது விழுவார் என்று மேலே நின்று பார்த்த சாதா டிக்கெட்காரர்களால் எங்களுக்கு ஒரு நாளும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.