மைனிக்கு ஒரு பிளேயர்

என் கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். முழங்கால் முட்டுவலிக்குச் சிகிச்சை எடுக்க அவர் அருமனையிலிருந்து கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் தங்கியிருந்தார். காலையில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டுக்குப் பயிற்சி செய்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு அவருக்குப் பொழுது போகாது. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக வெயிலில் நின்று விசில் ஊதியவர். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்வதே ஒரு தண்டனைதான்.

காது அவருக்கு வேலையில் இருக்கும்போதே மந்தமாகத் தொடங்கியிருந்தது. போன வருஷம்தான் இரண்டு காதிலும் மிஷின் வைத்தார். பட்டாணி அளவுதான் இருக்கும், புளூடூத்தில் போனோடும் கம்ப்யூட்டரோடும் சேர்ந்துகொள்ளும். நேருக்கு நேர் பேசினால் நன்றாகவே புரிந்துகொள்வார். ஆனால் வீடியோ என்றால் முகம் சுளிப்பார்.

அப்போது அவருக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. அருமனைப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் ஓட்டமும் கபடியும் பழகிய பெண்கள் இருபத்தெட்டு பேர் ஒன்றுகூடியிருக்கிறார்கள். முட்டுவலியால் மைனி போக முடியவில்லை. அதனால் ஒவ்வொருத்தியாகக் காமிரா முன் நின்று டீச்சரிடம் நேராகப் பேசி, நாற்பது நிமிட வீடியோவாக அனுப்பியிருந்தார்கள். மைனி அதை என் லேப்டாப்பில் நான்கு தடவை போட்டுப் பார்த்தார். ஐந்தாவது தடவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இஞ்ச வா. வாய் முன்னால போவுது, சத்தம் பின்னால வருது."

நான் பார்த்தேன். லேப்டாப்பின் ஸ்பீக்கரில் போட்டால் எல்லாம் சரியாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு மைனி" என்றேன்.

"உனக்க காதுல நல்லா இருக்கும். எனக்க காதுல இல்ல."

அதுதான் விஷயம். அவருடைய மிஷினுக்குள் என்ன நேரத்தில் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. என் கணவர், "டீச்சருக்குக் குத்தம் கண்டுபிடிக்கணும், இல்லேன்னா ஒறக்கம் வராது" என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மைனி சிரிக்கவில்லை. என்னை எதிரே உட்காரவைத்து விளக்கினார்: அவருக்குப் பாதி காது, பாதி கண். 'பல்' என்று சொன்னாலும் 'மல்' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். எது என்று காதுதான் சொல்ல வேண்டும். 'கல்' என்றால் உதடு மூடாது, அதைக் கண் சொல்லிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் வார்த்தை கிடைக்கும். கொஞ்சம் விலகினாலும் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

வீடியோ பார்க்கும் எந்தப் பிளேயரிலும் சத்தத்தை முன்பின் நகர்த்த ஒரு வசதி இருக்கும். அதைத் தேடிப் பிடித்து குத்துமதிப்பாக நகர்த்திக் கொடுத்தேன். "கொள்ளாம், கொஞ்சம் பரவாயில்ல" என்றார். அதோடு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"எனக்க காதுல எப்பம் கேக்குதுன்னு அந்தச் சவம் பிடிச்ச பிளேயருக்குத் தானாட்டுத் தெரியாதா?"

பதினெட்டு வருஷமாக நிரல் எழுதிச் சம்பாதிக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பு அட்டவணை போடும் மென்பொருள். திங்கள் இரண்டாவது பீரியடு கணக்கு, மூன்றாவது தமிழ். அந்த அட்டவணையில் நேரம் ஒரு கட்டம் மட்டும்தான், அது ஓடாது. பிளே பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கை துறுதுறுத்தது. அலுவலகத்தில் நான்கு நாள் லீவு சொன்னேன். சொந்தமாக ஒரு பிளேயர் எழுதிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் தெரிந்துகொண்டது, வீடியோ ஃபைல் என்பது ஒரு படம் அல்ல என்பது. மளிகைக் கடையில் கட்டிவைத்த பொட்டலங்கள் மாதிரி, படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு இரண்டு, மறுபடி படத்துக்கு ஒன்று என்று கலந்து அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு நேரம் குறித்திருக்கும். பிளேயரின் முதல் வேலை அவற்றைப் பிரித்து, படத்தை ஒரு வரிசையிலும் சத்தத்தை ஒரு வரிசையிலும் விடுவது. அப்புறம் ஒவ்வொரு பொட்டலத்தையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்கு இலவசமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பொருத்தி, படத்தை மட்டும் திரையில் காட்டச் சொல்லி ஓட்டினேன்.

இருபத்தெட்டு பெண்களும் இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஒருத்தி மைக்கைப் பிடிக்கும் முன் அடுத்தவள் வந்து நிற்கிறாள், கை ஆட்டுகிறாள், பறந்துபோகிறாள். பின்னால் நின்று பார்த்த மைனி கெக்கெக்கே என்று சிரித்தார்.

"என்னட்டி, ஒக்க பேரும் நூறு மீட்டர் ஓடுதாளுக?"

எனக்கு அந்தச் சிரிப்பில் பொறி தட்டியது. கம்ப்யூட்டருக்கு அவசரம் ஒன்றுதான் தெரியும். அவிழ்த்ததும் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு படத்தின் மேலும் குறித்திருக்கும் நேரம் வரும்வரை அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பிளேயரின் உண்மையான வேலை. அதற்கு நான் ஒரு வரிசை கட்டினேன். ஓட்டினால் இப்போது வேகம் சரி, ஆனால் எல்லோரும் ஒரு அடி முன்னே குதித்து இரண்டு அடி பின்னே வந்து நடுங்கினார்கள். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இடம் மிச்சம் பிடிக்க, எல்லாப் படத்தையும் முழுதாக வைப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்து, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் வைக்கிறார்கள். சில படங்கள் தங்களுக்குப் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்துத்தான் உருவாகும். அதனால் பின்னால் வருவதை முன்னாலேயே அவிழ்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு நேரம் குறித்திருக்கும், அவிழ்க்க ஒன்று, காட்ட ஒன்று. நான் அவிழ்க்கும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியிருந்தேன். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். நடுக்கம் நின்றது. அடுப்பில் இருந்த மீன்குழம்பை மறந்து நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் தலையை நீட்டி, "என்ன, பாம்பா?" என்று கேட்டார்.

சத்தம் வேறு மாதிரி. படத்தை நாம் தள்ளுகிறோம். சத்தத்தை ஒலிக் கருவி நம்மிடம் கேட்டு வாங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல், "அடுத்தது கொண்டா, அடுத்தது கொண்டா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தடவை கை தாமதித்தால் கரகரவென்று கீறும். அதனால் எப்போதும் கொஞ்சம் அவிழ்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதையும் கட்டினேன். இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது முதல் பத்து நிமிடம் அருமையாக இருந்தது. பிறகு படமும் சத்தமும் மெல்ல மெல்லப் பிரிந்தன. படத்தை ஓட்டுகிற கடிகாரம் வேறு, சத்தத்தை ஓட்டுகிற கடிகாரம் வேறு. இரண்டும் இம்மி இம்மியாக விலகுகின்றன.

யார் யாருக்குக் காத்திருப்பது? மைனியிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"படம் ஒண்ணு ரெண்டு போனா எனக்குத் தெரியவே தெரியாது. சத்தம் அறுந்தா வார்த்தையே போச்சு. சத்தத்த அதுக்க பாட்டுக்கு விடு. படம் அதுக்கு நிக்கட்டும்."

படித்துப் பார்த்தால் உலகத்தில் பிளேயர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். சத்தம் எங்கே இருக்கிறதோ அதுதான் மணி. படம் முந்திவிட்டால் காத்திருக்கும், பிந்திவிட்டால் ஒன்றிரண்டை விட்டுவிட்டு ஓடிச் சேரும். மாற்றி எழுதினேன். நாற்பது நிமிடமும் ஒட்டிக்கொண்டு ஓடியது.

ஆனால் என் ஸ்பீக்கரில்தான் ஒட்டியது. மைனியின் காதில் சத்தம் இன்னும் பிந்தித்தான் வந்தது. இப்போது எனக்குக் காரணம் புரிந்தது. என் நிரல் சத்தத்தைக் கொடுத்த கணத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறது. அங்கிருந்து அது மறுபடி சுருங்கி, காற்றில் போய், மிஷினுக்குள் சேர்ந்து, அவிழ்ந்து காதில் விழ ஒரு நேரம் ஆகிறது. எவ்வளவு ஆகும் என்று கம்ப்யூட்டர் ஒரு எண் சொல்லும். சொன்ன எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மைனி உதட்டைப் பிதுக்கினார்.

"அளக்கணும்" என்றார். "ஊகம் பறஞ்சா ஆவாது."

அவர்தான் வழியும் சொன்னார். மாவட்டப் போட்டிகளில் ஓட்டம் தொடங்க வெடிக்குப் பதில் சில சமயம் இரண்டு பலகைகளை அடிப்பார்களாம். முடிகிற கோட்டில் வாட்சோடு நிற்கிறவர் சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது, பலகை சேர்வதைப் பார்த்து அமுக்க வேண்டும். "நூறு மீட்டர் தாண்டிச் சத்தம் வாறதுக்குள்ள பிள்ள ரெண்டு எட்டு வச்சிருவா. சத்தத்துக்கு அமத்துனா எல்லாரும் சாம்பியன்தான்." அப்படி எத்தனையோ வருஷம் கோட்டில் நின்ற கண் அது.

விறகுப் புரையிலிருந்து இரண்டு பலகைத் துண்டை எடுத்து வந்தேன். கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் நின்று மைனி அடிக்க, நான் போனில் எடுத்தேன். அதை என் பிளேயரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒரு பட்டனை அமுக்கினால் படம் நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதமாகும்படி வைத்தேன். பலகை சேர்வதும் காதில் சத்தம் விழுவதும் ஒன்றாகும்போது அவர் சொல்ல வேண்டும். மைனி திரையை முறைத்துக்கொண்டு கையை உயர்த்தி நின்றார்.

"இன்னும்... இன்னும்... பைய... நிறுத்து! ஒண்ணு பின்னால போ. அதுதான்."

திரையில் இருந்த எண் இருபத்தொன்று. அவருக்கு எண் தெரியாது, திரையில் அது தெரியும் மூலையை மட்டும் ஒரு அட்டையால் மறைத்திருந்தேன். கலைத்துவிட்டு வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். இருபது. மறுபடி கலைத்தேன். இருபத்தொன்று. நாலாவது தடவை இருபத்திரண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நொடியில் நூறில் ஒரு பங்கு! "மைனி, நீங்க மனுசியா மிஷினா?" என்று கேட்டேன். "பி.டி. டீச்சர்" என்றார்.

பிறகு அருமனை வீடியோவைப் போட்டோம். சாயங்காலம் நாலு மணி, என் கணவரும் வந்துவிட்டார். முதல் பெண் பேசத் தொடங்கியதும் மைனியின் தோள் இறங்கியது. அதுவரை வீடியோ முன்னால் கழுத்தை நீட்டி இறுக்கிக்கொண்டுதான் உட்காருவார். இப்போது சாய்ந்துகொண்டார். மூன்றாவது பெண்ணிடம் பதில் பேசவே தொடங்கிவிட்டார். ஏழாவதாக வந்தவள், குட்டையானவள், ஏதோ சொல்ல, மைனி சட்டென்று எழுந்தார், முட்டுவலியை மறந்து.

"பாட்டு கிளாஸ்! பாட்டு கிளாஸ் நடத்துதாளாம்! ஏலே, நான் இத்தன நாளும் மாட்டு கிளாஸ்னு நெனச்சேன். மாட்டுக்கு இவ என்னத்தப் படிச்சுக் குடுப்பான்னு ஒரே யோசன!"

என் கணவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு பேரும் பேசி முடிக்கும்வரை மைனி ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அமுக்கினார். ஓடி முடித்துக் கோட்டைத் தாண்டி வந்த பிள்ளைகளின் கையையும் அவர் அப்படித்தான் அமுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு ஓடி ஜெயித்த மாதிரியே நெஞ்சு அடித்தது.

மறுநாள் அவர் நல்ல சேலை கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று அவர்களுக்குப் பதில் வீடியோ பேசினார். பெயர் பெயராகக் கூப்பிட்டு ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. இரண்டு பேரைத் திட்டவும் செய்தார்.

அருமனைக்குத் திரும்பும்போது என் பிளேயரை, அவரை அழைத்துப்போக வந்த மகளின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். அதில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. படம் முடிந்து மூடினால் மூடாது, அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே எதுவோ எதற்கோ காத்திருக்கிறது, எது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மைனி அதைப் பொருட்படுத்துவதில்லை, லேப்டாப்பையே அணைத்துவிடுகிறார். நான் இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் அதை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.