மஃரிபுக்கு முந்திய கம்பைலர்

ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுப்பு, எழுதுகிறவனுக்குப் பாதி ஆயுள் அது இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆவதைப் பார்ப்பதிலேயே போய்விடும். அதில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எழுதியது ஊருக்கு ஊர் தொழுகை நேரம் கணிக்கும் லைப்ரரி. கிழக்கிலங்கையில் பள்ளிவாசல்கள் நிறைந்த கல்முனையில் உட்கார்ந்துகொண்டு வேறு எதை எழுதுவது?

வெள்ளாமை

சுனாமிக்குப் பிறகு யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய கணினி. நானோ பிடிவாதக்காரன். நிரல் பறக்க வேண்டுமென்று, கம்பைலரின் மெருகேற்றும் அமைப்பை உச்சத்தில் வைத்துவிட்டேன். பாதியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. கூட வேலை செய்த, பக்கத்து ஊரான காரைதீவு ரவி எட்டிப் பார்த்துச் சொன்னான்: "இது முடியிறதுக்குள்ள எங்கட வயல் வட்டையில வெள்ளாமையே வெட்டிருவாங்க மச்சான்."

பொதியில் விடுபட்டது

லைப்ரரியைப் பொதியாகக் கட்டி ரவியின் கணினியில் போட்டேன். என்னிடம் ஒழுங்காக ஓடியது, அங்கே இலங்கை நேரப்படி சூரியனை நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் மறைய வைத்தது. ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை உள்ள கோப்பைப் பொதியில் சேர்க்க மறந்திருக்கிறேன். நிரல் இரண்டையும் பூச்சியமாக எடுத்துக்கொண்டு, ஆபிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில் நின்று கணக்குப் பார்த்திருக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும், மறைக்காதீர்கள். ரவி சிரிக்கவேயில்லை: "பாவம்டா உங்கட ஆக்கள், நோன்பு திறக்க இந்த நேரம் வரைக்கும் பசியோடயா இருக்கிற?"

இரண்டு பாங்கு

யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்பு மாதம். கடற்கரைப் பள்ளிவாசலிலும் சந்தைப் பள்ளிவாசலிலும் நேரம் காட்டும் பலகைகள் என் லைப்ரரியில்தான் ஓடின. சந்தைப் பள்ளிக்கு மட்டும் அவசரத்தில் மெருகேற்றாமலே கம்பைல் செய்து கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை கடற்கரைப் பள்ளியில், அந்தித் தொழுகைக்கு அழைத்து நோன்பு திறக்க வைக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. சந்தைப் பள்ளியில் கேட்க மேலும் ஒரு நிமிடம் ஆனது. எனக்குப் புரிந்துவிட்டது. மெருகேற்றியதில் கடைசித் தசமம் துளி மாறி, முழு நிமிடமாக ஆக்கும்போது அன்றைக்கென்று கடற்கரைப் பள்ளிப் பலகையில் நிமிடம் ஒன்று குறைந்திருக்கிறது. பேரீச்சம்பழம் என் கையிலேயே இருந்தது. தெருவோ நோன்பு திறந்துவிட்டது. சூரியன் மறையுமுன் திறந்திருந்தால் அத்தனை பேரின் நோன்பும் என் தலையில். அந்த நேரம் பார்த்துச் சந்தைப் பள்ளித் தலைவர் எனக்குப் போன் எடுத்தார்: "கடற்கரைப் பள்ளிக்கு முந்திச் சொல்ற சாமான் குடுத்திரிக்கீங்க. எங்களுக்கும் அதையே போட்டுத் தாங்க தம்பி."

மோதினார்

கடற்கரைப் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோன்புக் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பயப்படாதீங்க மகன். பலகை நேரம் காட்டினாப் பொறகுதான் நான் அம்ப்ளிபயரப் போடுற. அது சூடாகிச் சத்தம் வர ரெண்டு நிமிஷம் போகும். சந்தைப் பள்ளியிலயும் இதே மாதிரிப் பழசுதான்."

ஆக, பலகை ஒரு நிமிடம் முந்தியும் பாங்கு சூரியன் மறைந்த பிறகே கேட்டிருக்கிறது; வேகம் வேகமென்று நான் கம்பைலரைப் படுத்திய பாட்டிலிருந்து ஊரின் நோன்பைக் காப்பாற்றியது ஒரு பழைய அம்ப்ளிபயரின் சோம்பேறித்தனம்.