பாலத்தடியில் கிடந்த புளியமரம்

எங்கள் ஊர் ஏரி கெட்டதற்கு மழையைக் குறை சொல்கிறவனைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் வசவுதான் வருகிறது. மழை பெய்தது. கல்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடி வந்து ஊர் வாசலில் நின்று கதவைத் தட்டியது. கதவைத் திறக்க ஆளில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மீசை அரும்புமுன் கிணறு வெட்டும் கூலிக்குப் போனேன். சங்கராபுரத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில் நான் பாறை உடைக்காத கிணறு கம்மி. கப்பி கட்டிக் கல்லைத் தூக்க வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு சாண் மண் கிடையாது. ஏரிக்குக் கீழே இருக்கும் மூன்று ஏக்கரும் என் கை காய்த்து வந்தது. அதிலிருக்கும் கிணற்றை நானும் என் மனைவியுமே வெட்டினோம். ஏரி நிறைந்தால் அந்தக் கிணறு அடுத்த மழை வரைக்கும் இறைக்கும். ஏரி காய்ந்தால் தை மாதமே அடிப்பாறை பல்லைக் காட்டும். ஏரி கெட்ட அந்த வருஷம் ஆனியில் மூன்று ஏக்கருக்கும் துணிந்து கரும்பு நட்டிருந்தேன். ஏரியை நம்பித்தான்.

ஏரிக்குத் தண்ணீர் மலை ஓடையிலிருந்து ஒரு கால்வாயில் வரும். அந்தக் கால்வாய் தார்ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்தில் நுழைந்து இந்தப் பக்கம் வரவேண்டும். ஆடி பிறந்தால் தண்டோரா போடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர்வார வேண்டும். வராத வீட்டுக்கு ஏரி மீனில் பங்கு கிடையாது. ஏரி நிரம்பிக் கரைக் கோடியிலிருக்கும் கலிங்கு வழியாக உபரித் தண்ணீர் வழிந்தால், 'ஏரி கோடி போவுது' என்று ஊரே ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றும். இப்படித்தான் இருந்தோம்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்கான பங்கைக் கொடு என்று கேட்டார்கள். நியாயமான பேச்சு. படிப்பில்லாமல் நான் பட்டது எனக்குத் தெரியும். புரட்டாசியில் ஒரு விடியற்காலை ஊரே ரோட்டுக்குப் போனது. நானும் போனேன். பஸ் போகாதபடி ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தோம். போலீஸ் வந்தது, அடித்தது, அகப்பட்டவனை ஏற்றிக்கொண்டு போனது. பையன்கள் கரும்புத் தோட்டத்திலும் மலையிலும் போய்ப் படுத்தார்கள். ரோட்டைத் திறக்க வந்தவர்கள் மரங்களை வண்டியால் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். அதில் பெரிய மரமொன்று கிளையும் கொப்புமாக உருண்டு பாலத்தின் வாயில் போய் அடைத்துக்கொண்டது.

எடுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மரத்தைத் தொட்டவன்தான் வெட்டியவன் என்று கேஸ் எழுதுவார்களாம். அவ்வளவுதான். ரோட்டை மறிக்க மார்தட்டிக்கொண்டு போன ஊர், அந்தப் பாலத்தின் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டுகூடப் போகவில்லை.

ஐப்பசியில் மலைத் தண்ணீர் வந்தது. பாலத்தில் முட்டியது, சுழன்றது, கரையை உடைத்துக்கொண்டு கிழக்கே பள்ளத்தில் பாய்ந்தது. ஏரி, வாயைத் திறந்துகொண்டு வெறும் தரையாகக் கிடந்தது. நான் டீக்கடைக்குப் போய்க் கத்தினேன்.

"அத்தினி தண்ணியும் பெண்ணையாத்துக்குப் போய்க்கினு இருக்குது. நீங்க இங்க டீ ஊதிக்கினு இருக்கறீங்க?"

நாட்டாமை தலையை நிமிர்த்தவில்லை. "இன்னாப்பா பண்ணச் சொல்ற? புள்ளைங்க மேல ஏற்கெனவே கேஸு. கொஞ்ச நாள் பொறு."

"தண்ணி பொறுக்குமாங்க?"

என் மனைவியின் தம்பி, அவன் முந்தின நாள்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தான், பெஞ்சிலிருந்து சிரித்தான். "மாமா, நீங்கதான் யானை மாதிரி கல்லையே கப்பி கட்டித் தூக்கனவராச்சே. இந்த மரம் இன்னா ஜாஸ்தியா? தூக்கிக் காட்டுங்க."

"தூக்கறேன்டா. தூக்கிட்டு வந்து உன் வாயில வெக்கறேன்."

வீட்டுக்கு வந்து சங்கிலியையும் கப்பியையும் எடுத்தேன். என் மனைவி ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளை அவிழ்த்தாள்.

"நீ எதுக்குடி?"

"ரம்பத்துக்கு ரெண்டு பக்கம் கைப்பிடி இருக்குதே, இன்னொண்ண யாரு புடிப்பா? உங்க மச்சானா? சட்டைய மாத்திக்கினு வாங்க. ஜெயிலுக்குப் போனா கிழிஞ்சதோடவா போவீங்க?"

பாலத்தில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யோவ், மரத்தத் தொடாத. அது கேஸ்ல இருக்குது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மாட்டை அவர்மேல் விட்டிருப்பேன். "கேஸு மரத்துக்கா, தண்ணிக்கா? ரோட்டோரம் அரிச்சிக்கினு போறதப் பாருங்க. நாளைக்கு இந்தப் பாலம் உக்காந்துடும். உங்க ஜீப்பு எந்த வழியா வரும், ஏரோப்ளேன்லயா?"

அவர் குனிந்து பார்த்தார். ரோட்டின் ஓர விளிம்பு துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு குடையை மடக்கினார்.

"நான் டீ குடிக்கப் போறேன். வரும்போது உன்ன நான் பாக்கக் கூடாது. மரம் எங்க போச்சுன்னு என்னைக் கேட்டா, வெள்ளத்துல போச்சும்பேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று கொப்புகளை அறுத்தோம். புளியமரம் இரும்பு மாதிரி. எதிரில் வெட்டுப்படாமல் நின்ற மரத்தில் கப்பியைக் கட்டி, அடிமரத்தில் சங்கிலியை மாட்டி மாட்டை ஓட்டினாள் என் மனைவி. மூன்று தரம் சங்கிலி வழுக்கியது. நாலாம் தரம் மரம் முனகிக்கொண்டு புரண்டது. அடைத்து நின்ற தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்குள் பாய்ந்தது. அப்படி ஒரு வேலையை இந்தப் பக்கத்தில் எவன் செய்திருக்கிறான், வரச் சொல்லுங்கள்.

ஆனால் பாதி மழை போய்விட்டிருந்தது. ஏரி அரைவாசிக்கு மேல் ஏறவில்லை. கோடி போகவில்லை. அந்த அரை ஏரியிலும், டீ ஊதிக்கொண்டிருந்த அதே ஆட்கள் கரைமேல் ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து வைத்து நேராகத் தங்கள் கரும்புக்கு இறைத்தார்கள். மதகைத் திறந்தபோது பாசனத்தின் கடைசியிலிருந்த என் வயலுக்கு வந்தது சேறு. மாசியில் என் கிணறு காய்ந்தது. மூன்று ஏக்கர் கரும்பும் நின்ற இடத்திலேயே விறகானது. அந்தப் புளியமரத்தையும் விடவில்லை. கேஸ் ஆறியதும் ஊர்ப் பொதுமரம் என்று ஏலம் போட்டார்கள். எடுக்க ஒருவன் வராத மரத்துக்கு ஏலம் கேட்க ஊரே வந்தது.

மறு ஆடியில் தண்டோரா போட்டார்கள். விடிந்ததும் மண்வெட்டியோடு பாலத்துக்குப் போனேன். அங்கே நான், என் மனைவி, தண்டோரா போட்டவர், அவ்வளவுதான். வெயில் ஏறும் வரைக்கும் நின்றோம். அந்த வழியாக சைக்கிளில் வந்த நாட்டாமை ஒரு காலை ஊன்றி நின்றார்.

"எங்க ஆளுங்க?" என்று கேட்டேன்.

"அவனவன் இன்ஜினு வெச்சிக்கினான், எவம்பா வருவான்? நீதான் ஒத்த ஆளா மரத்தையே தூக்குனியே. வாய்க்கா இன்னா பெரிசு?" சிரித்துக்கொண்டே மிதித்துப் போனார்.

மண்வெட்டியைக் கால்வாயிலேயே வீசினேன். "ஏரி என் அப்பன் வூட்டுச் சொத்தாடா?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். என் மனைவி இறங்கிப்போய் மண்வெட்டியை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள். கால்வாய் தூர்வாருவது அன்றோடு முடிந்தது.

அடுத்த கோடையில் எங்கள் ஊரில் போர்வெல் போடும் முதல் லாரி என் நிலத்துக்குத்தான் வந்தது. எவனும் எனக்கு முந்தவில்லை. பிறகு ஒவ்வொருவனாகப் போட்டான், ஆழமாக, இன்னும் ஆழமாக. இப்போது எவ்வளவு ஆழம் இறக்கினாலும் என் போரிலும் தண்ணீரில்லாமல் மண்புகைதான் வருகிறது, அவர்கள் போரிலும் புகைதான் வருகிறது. ஏரி முழுக்க வேலிக்கருவை.

அந்தப் பாலம் இருக்கிறது. கோடையில் அதன்மேல்தான் தண்ணீர் லாரி வருகிறது. ஆரன் சத்தம் கேட்டதும், தண்டோரா போடாமலே, வீட்டுக்கு ஓர் ஆள் குடத்தோடு வந்து நிற்கிறான்.