பெட்டியைத் தூக்கிச் சென்ற கோமதியம்மாள்

சிம்மக்கல்லில் கோமதியம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தல்லாகுளம் வரை சைக்கிள் மிதித்து வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "டீச்சரம்மா போயிட்டாங்கம்மா. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தவங்கதான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முந்தின நாள்தான் காயத்துக்குப் போடும் துணிக்கட்டைச் சுருட்டத் தெரியவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருந்தார். அவ்வளவு தெம்பாகத் திட்டியவர் மறுநாள் இல்லையென்றால் எப்படி நம்புவது?

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்ற தைரியத்தில் ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியைகள். அவர் சென்னைக்குப் போய் முதலுதவிப் பயிற்சி பெற்று வந்து, மாதர் சங்கக் கூடத்தில் புதன்கிழமைதோறும் தாய்மார்களுக்கு வகுப்பு எடுத்தார். நான் உடன் நின்றேன். "உங்க வீட்டுல என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். தீப்புண்ணுக்கு ஒருத்தி தோசை மாவு என்பாள், இன்னொருத்தி பேனா மை என்பாள். பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றச் சொல்வார் அவர். ஒருநாள் ஒரு குருக்கள் வீட்டு அம்மாள், குழந்தைக்கு வலிப்பு வந்தால் மஞ்சளைச் சுட்டு நெற்றியில் வைப்போம் என்றார். "வலிப்பும் வந்து சூடும் வாங்க அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சு?" என்று கேட்டார் கோமதியம்மாள். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அடுத்த வாரமும் வந்தார்.

நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறார் என்று ஒரு வைத்தியர் சண்டைக்கு வந்தார். "உங்க சுக்குக் கஷாயத்தை இன்னைக்குக் காலையிலகூடக் குடிச்சேன். வெட்டுக்காயத்துல சாணியை அப்பச் சொல்லி எந்த ஏட்டுல இருக்கு? கொண்டாந்து காட்டுங்க" என்றார் இவர். எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை. ஓமத்தண்ணீரைப் பார்த்துச் சிரித்த இங்கிலீஷ் டாக்டருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. "உங்க ஆஸ்பத்திரி எல்லார் வீட்டுக்கும் பக்கத்துலயா இருக்கு? வீட்டுல இருக்கிறதுல எது ஆகும், எது ஆகாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இவங்க வாராங்க" என்றார். இரண்டு தரப்பும் அவரைத் தூற்றியது. அவர் அதை ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாதவூருக்குப் பஸ் ஏறுவார். அங்கே சேரியில் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு வகுப்பு. அவர்களில் ஒருவர் இருளாயி. அறுப்பின்போது அவருடைய மகள் காலில் அரிவாள் பட்டது. புண்ணில் சாணியை வைத்துக் கட்டினார்கள். சில நாளில் வாய் பூட்டிக்கொண்டு அந்தப் பெண் இறந்துபோனாள். சாணி கூடாது என்று கோமதியம்மாள் சொன்னபோது இருளாயி எழுந்து, "அப்ப எதைத்தான் வைக்க? நீங்க சொல்லிட்டுப் போயிருவீக. மருந்து எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். ஊர் திரும்பியதும் கோமதியம்மாள் நேரே மாதர் சங்கத்துக்குப் போய் அந்த ஊருக்கு மருந்து கேட்டார்.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு கிராமத்திலிருந்து மூன்று பேர் தேர்வில் தேறினால், அந்த ஊருக்கு முதலுதவிப் பெட்டி ஒன்று கொடுப்பார்கள். பஞ்சு, துணிக்கட்டு, அயோடின், கத்தரிக்கோல் எல்லாம் அதில் இருக்கும். தேர்வில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, டாக்டர் முன்னால் ஒருவருக்கொருவர் கட்டுப் போட வேண்டும். ஒருவர் ஒரு ஜோடியில்தான் உட்காரலாம். திருவாதவூரில் கற்றவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கோமதியம்மாள் வேண்டுமென்றே மூன்று பேரைக் கூட்டி வந்தார். "நாலு பேரா வந்தா மூலையில ஒதுக்கி, உங்களுக்குள்ளேயே கட்டிக்கங்கன்னுருவாங்க. மூணு பேரா வந்தா ஒருத்தி மிஞ்சுவா. அவளை யாராவது தொட்டுத்தான் ஆகணும்" என்று என்னிடம் சொன்னார்.

மிஞ்சியவர் இருளாயி. எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் ஜோடி சேரக் கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் தடுத்துவிட்டார். சங்கத்துச் செயலாளர் உள்ளேயிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவரச் சொன்னார். "இதுக்குக் கட்டிக் காட்டட்டும், கோமதி. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்" என்றார்.

இருளாயி தலையணையைப் பார்த்தார். "எங்க பிள்ளைக தலையணை இல்லம்மா" என்றார்.

"அப்ப பெட்டி கிடையாது" என்றார் செயலாளர்.

கோமதியம்மாள் மேசைக்குப் போய், அங்கே வைத்திருந்த பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். இருளாயி மறு கைப்பிடியைப் பிடித்தார். "இருளாயி, கீழே வை" என்றார் செயலாளர். "வைக்கிறதுக்கா எடுத்தேன்?" என்றார் இருளாயி. கதவைத் திறந்துவிட்டது நான்.

போலீசுக்குச் சொல்வோம் என்றார்கள், சொல்லவில்லை. கூடத்தைப் பூட்டினார்கள். அவர் சிம்மக்கல் வீட்டிலேயே வகுப்பைத் தொடர்ந்தார். முதல் வாரம் குருக்கள் வீட்டு அம்மாள் மட்டும் வந்தார். யுத்தம் வந்து, குண்டு விழுமோ என்ற பயமும் வந்த பிறகு வீடு கொள்ளாமல் போனது. திருடி என்று யாராவது முணுமுணுத்தால், "ஆமா, திருடுனேன்" என்பார்.

நேற்று முன்தினம் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அந்தக் கூடத்தில் அவர் படத்தைத் திறந்துவைக்கப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே அந்தப் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்க ஆசையாம். திருவாதவூரிலிருந்து நான் வாங்கித் தர வேண்டுமாம். இருளாயியிடம் சொன்னேன். "நேத்துக்கூட ஒரு பிள்ளைக்கு அதுலதான் எடுத்துக் கட்டுனேன். படத்துக்கு எதுக்குத் தாயி அயோடினு?" என்று கேட்டார்.

பெட்டி வராது. படத்திறப்புக்கு நானும் வர மாட்டேன். கோமதியம்மாளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய சண்டை ஒன்றைத்தான், அதை யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை. இனிப் புதன்கிழமை வகுப்பு தல்லாகுளத்தில் என் வீட்டில் நடக்கும். என்னோடு இருளாயியும் சொல்லிக்கொடுப்பார். கோமதியம்மாளைச் சாந்த சொரூபி என்றவர்களும் வரலாம். வருகிறவர்கள் முதலில் இருளாயியிடம் கையை நீட்ட வேண்டும். அவர் கட்டி முடித்த பிறகுதான் பாடம்.