பாக்கியம் சிஸ்டரும் நான் ஏறிய பஸ்ஸும்

பாக்கியம் சிஸ்டர் இறந்த செய்தி நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. கோச்சடை வீட்டில் காலை இட்லியை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். செய்தியோடு ஒரு படமும் இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளிக்கூட வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். நடுவில் சிஸ்டர், கையில் பஞ்சுப் பொட்டலம். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணன் ஏற்பாட்டுல நம்ம ஆளுங்க தங்குன ஸ்கூல்தானே இது? மறக்க முடியாத ஊழியப் பயணம்."

அண்ணன் என்று அவர் சொன்னது என்னைத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தை நான் ஏற்பாடு செய்யவில்லை. அதை நேரில் பார்த்ததுகூட இல்லை. சிஸ்டரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். விளாங்குடியில் வீடு. நான் தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையின் ஊழியப் பயணங்களுக்குத் திட்டம் போடுவது என் பொறுப்பு. எந்த ரயில், எந்த நேரம், யாருக்கு எந்த இருக்கை என்று தாள் தாளாக அச்சடித்துக் கொடுப்பேன். ஒடிசா எல்லையில் உள்ள மலைக்கிராமத்துக்கு மருத்துவ முகாம் நடத்தக் கிளம்பியபோது சிஸ்டர் என் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் இருக்குண்ணே. வண்டி வரலைன்னா என்ன செய்யணும்னு மட்டும் போடலையே?"

"கர்த்தர் பாத்துக்குவாரு சிஸ்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

சிஸ்டர் கேட்டதுதான் நடந்தது. விஜயவாடாவைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்கள் ரயில் நின்றது. புயல் மழையில் முன்னாலும் பின்னாலும் தண்டவாளம் மூழ்கிவிட்டது என்றார்கள். பதினொரு பேர், பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். பிளாட்பாரத்திலேயே ஒரு நாள் முழுக்கக் கிடந்தோம். எப்போது ரயில் ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகளை உட்காரவைத்து, கடவுளை நம்புவது பற்றி அரைமணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஜெனிபர் என்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றபோது, சென்னைக்குப் போகும் பஸ் ஒன்றில் ஒரே ஒரு இடம் இருப்பதாகத் தெரிந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். யோசித்து வாங்கினேன் என்று சொல்ல முடியாது. வாங்கிய பிறகுதான் காரணத்தை யோசித்தேன்.

சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரஷர் மாத்திரை தீந்துபோச்சு. நான் சென்னை போயி உங்க எல்லாருக்கும் ஒரு வேன் பாத்து அனுப்புறேன்" என்றேன்.

"மாத்திரை என்கிட்ட அம்புட்டு இருக்கேண்ணே."

"நான் போடுறது வேற."

நான் என்ன மாத்திரை போடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். போன மாதம்தான் எனக்கு இரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டையும் வாசித்தவர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே. பாத்துப் போங்க" என்றார்.

சென்னையில் இறங்கியதும் நான் எந்த வேனையும் விசாரிக்கவில்லை. மதுரைக்கு ரயில் ஏறினேன்.

பின்னால் நடந்ததை ஜெனிபர் சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளைகள் பயந்து அழுதபோது சிஸ்டர், "அண்ணே நமக்கு ஏதாவது பாக்கத்தான் போயிருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். தெலுங்கு தெரியாமலே கையாலும் முகத்தாலும் பேசி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்திருக்கிறார். வேறு ரயில்களில் வந்து மாட்டிக்கொண்டவர்களும் அங்கே வந்துசேர்ந்தார்கள். காலில் கண்ணாடி குத்தியவர்கள், காய்ச்சல் கண்ட குழந்தைகள். மலைக்கிராமத்துக்காகக் கட்டிய மருந்துப் பெட்டிகளை அவர் அங்கேயே பிரித்தார். "இதையெல்லாம் கொடுத்துட்டா முகாமுக்கு என்ன செய்வோம்?" என்று ஜெனிபர் கேட்டதற்கு, "கூட்டிட்டு வந்த கர்த்தருக்கு வழி தெரியும்டி. நமக்கும் தெரியணும்னு என்ன இருக்கு? அந்தக் கத்திரிக்கோலை எடு" என்றாராம். நான்கு நாளில் மருந்து தீர்ந்தது. தெற்கே ரயில் ஓடத் தொடங்கியதும் திரும்பிவிட்டார்கள். போகக் கிளம்பிய கிராமத்துக்கு யாரும் போய்ச் சேரவில்லை.

அண்ணே போயிருப்பதாகச் சிஸ்டர் சொன்னதை வைத்து, பள்ளிக்கூடம் திறந்ததும் என் ஏற்பாடுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெனிபர் எழுந்து சாட்சி சொன்னாள். "அண்ணே முன்னாடியே போயி எங்களுக்கு ஏற்பாடு செஞ்சாங்க. அவங்களுக்கு நன்றி." சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அப்போதாவது நான் எழுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்தேன். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் சிஸ்டர் தம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைவிட மோசமானதை இனிதான் சொல்ல வேண்டும். அவர் என்றைக்காவது வாயைத் திறந்துவிடுவாரோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. அடுத்த வருடப் பயணப் பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிட்டேன். கமிட்டியில் கேட்டபோது, "முழங்கால் வலியோட அவங்களை எதுக்கு அலைய விடணும்?" என்றேன். முழங்கால் வலி எனக்குத்தான் இருந்தது. நாங்கள் கிளம்பிய அன்று அவர் மதுரை ஜங்ஷனுக்கு வந்தார். எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மருந்துப் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னிடம், "போயிட்டு வாங்கண்ணே, நான் இங்க ஜெபத்துல இருக்கேன்" என்றார். அந்தச் சாதத்தை நான் சாப்பிடவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு விளாங்குடிக்குப் போனேன். கல்லீரலில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டிருந்தார்கள். மகள் கதவைத் திறந்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள். கட்டிலில் சிஸ்டர் மிகவும் மெலிந்து கிடந்தார்.

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கண்ணே" என்றார்.

கண்ணை மூடினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. கண்ணைத் திறந்து, "சிஸ்டர், அன்னைக்கு நான் உங்களுக்கு வேன் பாக்கப் போகல. பயந்து ஓடிட்டேன்" என்றேன்.

"தெரியும்ண்ணே."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு லேசாகச் சிரித்தார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? நீங்க போறதுக்கு முன்னாடி நானும் அதே பஸ்ஸுல இடம் கேட்டேன். மக ஞாபகமாவே இருந்துச்சு. யோசிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். திரும்பப் போறதுக்குள்ள நீங்க வாங்கிட்டீங்க."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கிடைச்சிருந்தா போயிருப்பேனோ என்னமோ. கிடைக்கல. சரி, இங்க இருன்னு கர்த்தர் சொல்றாருன்னு எடுத்துக்கிட்டேன். அம்புட்டுதான்."

அது உண்மையா, அல்லது என் பாரத்தைக் குறைக்க அவர் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமே அவரால் முடிந்ததுதான். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் என் தப்பு அதனால் சின்னதாகிவிடாது. இருவருக்கும் ஒரே பயம்தான் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அவர் நான்கு நாள் புண்களுக்குக் கட்டுப் போட்டார். நான் அதன்மேல் ஒரு சாட்சியைப் போர்த்திக்கொண்டேன்.

"இப்ப ஜெபம் பண்ணுங்க" என்றார் மறுபடியும்.

நாற்பது வருடமாக மேடையில் ஜெபம் செய்து பழகியவன் நான். அன்று எனக்கு வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எங்களுக்குப் பயமா இருக்கு."

அடுத்து என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோதே சிஸ்டர், "ஆமென்" என்று முடித்துவிட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஆமென்தான். இப்போதெல்லாம் காலையில் அந்த ஒரு வரியைச் சொல்கிறேன். மேற்கொண்டு அழகாக ஏதாவது சேர்க்க நாக்கு துடிக்கும்போது, அவர் குரல் வந்து அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது.