மாலையின் கடைசித் தாள்

என் கையெழுத்து அழகு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சொன்னவர் மனம் நோகக் கூடாதே என்று சிரித்துவைப்பேன். அந்த எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால் என் பிழைப்பு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதை அவருக்கு எங்கே உட்கார்ந்து விளக்குவது?

ஐம்பதுகளின் தொடக்கம். கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊர் எங்களது. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். எட்டாம் வகுப்பில் இருந்தபோது நான் பெரியவளானேன். தண்ணீர் வார்த்தார்கள், புதுச் சீலை உடுத்தினார்கள், வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தார்கள். அதோடு என்னை வீட்டின் நடு அறையில் இருத்திவிட்டார்கள். என் பூமிசாத்திரக் கொப்பியில் இலங்கைப் படம் பாதி வரைந்தபடி கிடந்தது. ஆறுகளைப் போட்டிருந்தேன், ஊர்களை இன்னும் போடவில்லை. வாப்பா ஆள் பிடித்து வளவைச் சுற்றியிருந்த வேலியை இன்னொரு தென்னோலைக் கிடுகு உயர்த்திக் கட்டினார். அதற்குப் பிறகு கடலின் சத்தம் மட்டுந்தான் எனக்கு.

ஆனால் கதவு முழுக்கச் சாத்திவிடவில்லை. எங்கள் பக்கத்தில் ஓரிரண்டு வீடுகளில் பெரிய பிள்ளைகளையும் குடையால் மறைத்து, துணைக்கு ஆள் வைத்து, பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். "இவளையும் அனுப்பினா என்ன?" என்று வாப்பா உம்மாவிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். உம்மா இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த மாரியில் வெள்ளம் வந்தது. வாப்பாவின் ராத்தா, அதாவது அக்கா, எனக்கு மாமி, எங்கள் ஊரில் மாலை என்னும் துதிப்பாட்டு ஓதுகிறவர். ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்றால் மாமியைக் கூப்பிட்டு, பெண்கள் சுற்றியிருந்து, அந்த மாலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை இராகத்தோடு ஓதுவிப்பார்கள். பிரசவம் இலேசாகும் என்பது நம்பிக்கை. அச்சில் வராத மாலை அது. தமிழ்ப் பாட்டுத்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதியது. அந்தக் காலத்தில் எங்கள் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்துத் தெரியும். ஆகவே தமிழையும் அதிலேயே எழுதி வாசிப்பார்கள். மாமியின் பிரதி வெள்ளத்தில் ஊறி, தாளோடு தாள் ஒட்டி, மை கரைந்து போயிற்று. காயவைத்துப் பிரித்தபோது வாசிக்க முடிந்தது, ஆனால் இன்னொரு மாரியை அது தாங்காது.

மாமி அழுதுகொண்டு வந்தார். வாப்பா என்னைப் பார்த்தார்.

"மகள், உன்ட எழுத்துத்தான் முத்து முத்தா இரிக்கி. இதப் பார்த்து எழுதிக் குடு. முடிச்சாப் பொறகு பள்ளிக்குடம் போறதப் பத்திக் கதைப்பம்."

நான் அன்றைக்கே தொடங்கிவிட்டேன். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை நான்.

எழுதுவது என்றால் உட்கார்ந்து கிறுக்குவதில்லை. மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் நல்ல முறுக்கு நூல் வாங்கி, ஓர் அட்டையில் வரிசையாக இழுத்துக் கட்டினோம். அதன் மேல் தாளை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் தாளில் கோடு விழும். பென்சில் தடமே தெரியாது, வரியும் பிசகாது. விளக்குக் கரியையும் விளாம்பிசினையும் குழைத்து மை. மூங்கிலைச் சீவி, நுனியைச் சரிவாக வெட்டி, நடுவில் கீறினால் கலம், அதுதான் எழுதுகோல். அந்த நுனி கொஞ்சம் அகலமாகிவிட்டாலும் எழுத்துத் தடித்துப்போகும். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் புள்ளி கூட்ட வேண்டும். ஒரு புள்ளி தவறினால் ஒரு சொல் பாழ். பாட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் இரட்டைக் கட்டம் போட்டேன், மூலைகளில் சின்னதாக ஒரு கொடி வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு வேண்டியிருந்தது. எழுதும்போது அறை பெரிதாகிவிடும் என்பதும் உண்மைதான். அதை மறைத்தால் பொய்யாகும்.

ஒரு பழக்கந்தான் என்னைப் படுத்தியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சின்னதாக எழுதிவைக்க வேண்டும். தாள்கள் குலைந்தால் அதைப் பார்த்து ஒழுங்குபடுத்தலாம். பக்கத்தை முடித்துவிட்டோம், கையை உதறலாம் என்று பார்த்தால், அந்தச் சொல் கீழே உட்கார்ந்துகொண்டு அடுத்த தாளை எடு என்று சொல்லும். எடுப்பேன்.

முதல் பிரதி முடிந்தது. மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நான் பழைய பள்ளிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு வாப்பா கதைப்பதற்காகக் காத்திருந்தேன்.

வாப்பா கதைத்தார். "சம்மாந்துறையில நம்மட சொந்தக்காரரும் ஒண்டு கேக்கிறாங்க. நெல்லு வெட்டக்குள்ள அவங்கதான் நமக்கு உதவி. மறுக்கேலுமா? இத மட்டும் எழுது மகள். பொறகு கதைப்பம்."

இந்தக் 'கதைப்பம்' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அதில் 'இல்லை' என்று எங்கேயும் இல்லை. ஆகவே அதோடு சண்டை போடவும் முடியாது.

உம்மாவிடம் போய் நின்றேன். உம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடி எழுதத் தெரிஞ்ச புள்ளைக்கி இன்னும் என்னத்துக்குப் பள்ளிக்குடம்? அங்க போய் மேல படிச்சி, கொமர்ப்புள்ளயள் ஆருக்கும் கடிதம் எழுதவா?"

எழுதத் தெரியாதிருந்தால் படிக்க அனுப்பியிருப்பார்களாக்கும். எழுதத் தெரிந்ததால் வேண்டியதில்லை. இந்த நியாயத்தை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே அசிங்கமாக எழுதிப் பார்த்தேன். புள்ளிகளைக் கண்டபடி போட்டேன், வரியை மலையேற்றி இறக்கினேன். கேட்பவர்கள் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள் என்பது திட்டம். பிற்பகல் அஸர் தொழுகை வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாங்க முடியாமல் நானே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். என் கையும் அவர்கள் பக்கந்தான் போலும்.

கெட்டுப்போன தாளைக் கிழிக்கவோ அடுப்பில் போடவோ கூடாது. அதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கும். ஆகவே அப்படியான தாள்களைச் சேர்த்து வெள்ளைத் துணியில் சுற்றி, வாப்பா கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வருவார். பிழையாக எழுதிய தாளுக்குக் கடல் பார்க்கக் கிடைத்தது. சரியாக எழுதிய எனக்குக் கிடைக்கவில்லை. இதை நினைத்து நான் உண்மையாகவே அழுதிருக்கிறேன்.

இரண்டாம் பிரதியின் கடைசித் தாளுக்கு வந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. கையெழுத்துப் பிரதிகளின் முடிவில் எழுதியவர் தன் பெயரைச் சொல்லி, ஓதுகிறவர்கள் தனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கும்படி இரண்டு வரி எழுதுவது வழக்கம். மாமியின் பழைய பிரதியிலும் எப்போதோ மௌத்தாகிப் போன ஒரு மனிதர் தன் பாவம் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். "உன்ட பேரப் போடாத. கொமர்ப்புள்ளட பேரு ஊர் ஊராப் போகப்படா" என்று வாப்பா முதல் பிரதியின் போதே சொல்லியிருந்தார். பெயரைத்தான் போடக் கூடாது என்றார். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

படைத்த ரப்பை அழைத்து மாலையின் இராகத்திலேயே இரண்டு வரி கட்டினேன்.

'இந்த மாலை எழுதிய கைக்கு இரங்கிடுவாய் ரப்பே,
இவளை மீண்டும் பள்ளிக்கூடம் ஏற்றிவிடு ரப்பே.'

சம்மாந்துறையிலிருந்து வந்த மாட்டு வண்டி வாசலில் நின்றதால் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மை காய்ந்ததும் கட்டி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. மாலையில் அதுவும் ஒரு பாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்து அக்கரைப்பற்றிலிருந்து கேட்டு வந்தார்கள். இனி 'கதைப்பம்' என்றுகூட வாப்பா சொல்லவில்லை. தாள்களைக் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். நான் எழுதினேன். கடைசித் தாளில் என் இரண்டு வரிகளையும் மறுபடி எழுதினேன்.

இந்த முறை மாமி விடவில்லை. புதுப் பிரதியை வீட்டில் ஒருமுறை முழுக்க ஓதிச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு பின்னேரம் பெண்கள் உள்ளே கூடினார்கள். மாமி புதுப் பிரதியைப் பார்த்து ஓத, உம்மாவின் தங்கை முதல் பிரதியை மடியில் விரித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். வாப்பாவும் அயல் ஆண்கள் சிலரும் முன் விறாந்தையில் இருந்தார்கள். நடுவில் ஒரு சீலைத் திரை.

மாமி ஓதத் தொடங்கினால் கண் வரியை விட்டு எழும்பாது. நடுவில் நிறுத்தினால் பரக்கத், அதன் நற்பலன், போய்விடும் என்பது அவருடைய கட்டளை. ஆகவே என் வரிகள் வந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. அதே இராகத்தில், அதே குரலில், என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றிவிடச் சொல்லி ரப்பிடம் கேட்டார். துஆ வரி வந்தால் சொல்லியே பழகிய பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆமீன்" என்றார்கள். திரைக்கு அப்பாலிருந்தும் இரண்டு மூன்று ஆண் குரல்கள் ஆமீன் சொன்னதை நான் கேட்டேன். சின்னம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பார்க்க அவருடைய பிரதியில் அந்த வரி இல்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமி மாலையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சொன்ன ஆமீன் சொன்னதுதான்" என்று மட்டும் சொன்னார். ஒரு வீடு முழுக்க ஆமீன் சொல்லிவிட்டது, இனி வாப்பாவால் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன்.

வாப்பா ஏசவில்லை. மறுநாள் காலையில் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கடைசித் தாள மட்டும் மாத்தி எழுது மகள்" என்றார். அவர் குரல் தணிந்துதான் இருந்தது. பழைய தாளைக் கட்டிலிருந்து அவரே கழற்றி, மரியாதையாக மடித்து, துணியில் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சம்மாந்துறைப் பிரதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு கல்யாணம் வந்தது. மற்ற ஊர்களில் பெண்கள் கல்யாணத்தோடு வீடாவது மாறுவார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வருவான். வந்தவர் நல்ல மனிதர், அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வீடு, அதே நடு அறை, அதே வேலி. அவர் கடைக்குப் போய் வருவார். நான் எழுதினேன்.

ஐம்பதுகள் முடிகிற காலத்தில் சம்மாந்துறைச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ஏழாம் மாதம் என்று சொல்லி வந்தது. சீலை கட்டி மறைத்த வாடகைக் காரில் உம்மாவும் நானும் போனோம். சீலையின் இடுக்கால் வயல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே ஒரு பெண் மாலை ஓதினார். அவர் கையிலிருந்தது என் எழுத்து இல்லை. யாரோ புதிதாக எழுதிய பிரதி. சிவப்புக் கட்டம் நெளிந்திருந்தது, ஓரிடத்தில் மை சிந்தியிருந்தது. என் மூலைக்கொடி மட்டும் அப்படியே இருந்தது.

முடிவில் என் இரண்டு வரிகளும் வந்தன. பார்த்து எழுதுகிறவர்கள் இருப்பதை விடாமல் எழுதுவார்கள், அதுதான் முறை. பெண்கள் ஆமீன் சொன்னார்கள். ஆனால் மாலை அங்கே முடியவில்லை.

'பார்த்தெழுதும் என்மீதும் பார்வைவை ரப்பே,
பள்ளிக்கூட வாசலிலே கொண்டுவிடு ரப்பே.'

நான் ஆமீன் சொன்னேன். என் குரல் மற்றவர்களுக்கு மேலாக எழும்பியிருக்க வேண்டும், உம்மா என் கையைப் பிடித்து அமத்தினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, இதை எழுதியது யார் என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "எங்கட கடைசி மகள்தான். உள்ளுக்க இரிக்கா. பெரிய புள்ள, வெளிய வரமாட்டா" என்றார். நான் எழும்பி உள்ளே போனேன். எங்கள் நடு அறையைப் போலவே ஓர் அறை. பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், விரல் நுனியில் மை. என்னை யாரென்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள் போல. எழும்பி நின்று, சலாம் சொல்லி, கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"அந்த வரி எழுதினது நீங்கதானே ராத்தா? உங்களப் பள்ளிக்குடத்துக்கு அனுப்பினாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஓம் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"இன்னும் இல்ல புள்ள" என்றேன்.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பாயில் நூல் அட்டையும் வெள்ளைத் தாள்களும் தயாராகக் கிடந்தன. நிந்தவூரிலிருந்து யாரோ கேட்டிருந்தார்களாம்.

"அப்ப இதுலயும் ரெண்டு பேருக்குமாக் கேட்டு எழுதிறன்" என்றாள்.