செயினில் கோளாறு இல்லை

ஹில்காவுக்கு வெள்ளிக்கிழமை மதியத்தோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவித் துடைத்துவிட்டு, உடன் வேலை பார்க்கும் மெர்வியிடம் "திங்கக்கெழம பாப்போம்" என்று சொல்வதுதான் அந்த வாரத்தின் கடைசி வாக்கியம். அதன்பிறகு வாய் திறக்க வேலை இல்லை. கடையில் சாமானை எடுத்து நாமே மெஷினில் காட்டிவிட்டு வந்துவிடலாம். பூனையும் போன வசந்தத்தில் செத்துப்போயிற்று. திங்கட்கிழமை கிளம்புமுன் கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வாள், நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாரைக் கிளப்பிப் பார்ப்பதைப் போல.

பின்லாந்தின் குவோபியோ நகருக்கு அவள் வந்தது கல்யாணமாகி. கல்யாணம் போய்விட்டது, ஊர் தங்கிவிட்டது. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது ஏரிக்கரைச் சைக்கிள் பாதை. கோடையோ குளிரோ, வேலைக்கு அதில்தான் போவாள். ஏரி உறைந்து, காற்று பனிப்பொடியை வாரி முகத்தில் அறையும் மாதங்களிலும் ஆணி வைத்த டயரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"முட்டி வீங்கிக் கெடக்கு, பஸ்ல வந்தா கிரீடம் எறங்கிடுமா ஒனக்கு?" என்பாள் மெர்வி. கிழக்கு எல்லைப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாயில் பூட்டுக் கிடையாது.

"பஸ்ல சூடு ஜாஸ்தி."

"ஆமா தாயே, மைனஸ் இருபதுல சூடு ஜாஸ்திதான்."

உண்மைக் காரணம் வேறு. தினமும் படகுக் கொட்டகை வளைவுக்கும் நீச்சல் துறைக்கும் நடுவே எதிரே ஒரு சைக்கிள் வரும். மற்றவர்களைப் போல நெற்றியில் கட்டிய விளக்கு இல்லை. முன் சக்கரத்தின் மேலே தாழ்வாக ஆடும் பழைய மஞ்சள் விளக்கு. ஆள் ஆண் என்பதும், தாடியில் பனி உறையும் என்பதும் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோடையில் இருவரும் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். குளிரில் கைகள் பெரிய உறைகளுக்குள் புதைந்திருப்பதால் விரல் தெரியாது. ஆளுக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். பல வருஷமாக அவ்வளவுதான் பழக்கம். சனி, ஞாயிறைக் கடந்து வருபவளை முதலில் கண்டுகொள்வது அந்த மணிதான். அது கேட்டபிறகுதான் தான் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

ஜனவரியில் ஒரு காலை. இரவெல்லாம் கொட்டிய பனியை ஒதுக்க டிராக்டர் இன்னும் வரவில்லை. ஏரியிலிருந்து வந்த காற்று ஆளையே தள்ளியது. ஹில்கா இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள். வளைவு திரும்பியதும் பகீரென்றது. எதிரே அந்த மஞ்சள் விளக்கு. அவரும் உருட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

சைக்கிளில் வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். முழங்கால் புதையப் புதைய நடந்து வந்தால்? இப்போதே மணி அடித்துவிட்டால், அப்புறம் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்தபடியே நெருங்கியாக வேண்டும். பேசாமல் கடந்தால் முறைப்பதுபோல் ஆகிவிடும். பேசுவதென்றால் என்ன பேசுவது? பனி பெய்கிறது என்றா? அது இரண்டு பேருக்கும் கண்ணுக்கு நேராகவே பெய்துகொண்டிருக்கிறதே!

அவர் நெருங்க நெருங்க ஹில்காவுக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று சைக்கிளைச் சாய்த்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கழன்றுவிட்டதுபோல் செயினைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி அருகே வந்து நின்றது. முதுகு காட்டியவரைக் கூப்பிடுவது அந்த ஊரில் தாழிட்ட கதவை உதைப்பதற்குச் சமம். அவர் கூப்பிடவில்லை, பாதையை விட்டு ஆழமான பனிக்குள் இறங்கி, அவளை நன்றாக விலகிச் சுற்றிக்கொண்டு போனது காதுக்குத் தெரிந்தது. மணி அடிக்கவில்லை.

மறுநாள் மஞ்சள் விளக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டிராக்டர் வந்து பாதையைச் சீராக்கியிருந்தது. ஹில்கா வளைவில் வேகத்தைக் குறைத்து, இருட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். வழுக்கி விழுந்திருப்பாரோ, நெஞ்சு வலியோ? பெயர் தெரியாத மனிதனைப் பற்றி யாரைக் கேட்பது?

அடுத்த வாரம், பட்டாணி சூப் அண்டாவைக் கிண்டிக்கொண்டே மெர்வி சொன்னாள்: "ஒன்ன மாதிரியே ஒரு கிறுக்கு, பாத்துக்க. பஸ் ரோட்டு மேட்டுல தெனமும் சைக்கிள தள்ளிக்கிட்டு ஏறுது. கார்லாம் உப்புச் சேற வாரி அடிக்குது. கீழ ஏரிக்கரையில ஜம்முனு பாத கெடக்கு, அத விட்டுட்டு..."

"லைட்டு?"

"என்ன லைட்டு?"

"வெளக்கு எப்பிடி இருந்துச்சு?"

"மஞ்சளா, கீழ தொங்கிக்கிட்டு. எங்க தாத்தா காலத்து வெளக்கு. ஏன்டி, மொகம் வெளுத்துப் போச்சு?"

ஹில்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தான் எதிரே வருவது இந்தப் பெண்பிள்ளைக்குத் தொந்தரவு என்று நினைத்து, வழியையே விட்டுக்கொடுத்திருக்கிறார். அவருடைய இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் செய்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் இன்னும் வலித்தது.

மேட்டுச் சாலையும் ஏரிக்கரையும் பிரிவது நகரத்து முனையில், ரயில் பாலத்தடியில். மறுநாள் ஹில்கா சீக்கிரமே கிளம்பி அங்கே போய் நின்றாள். விறைத்த காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். நாயோடு வந்த ஒருவர் தயங்கிப் பார்த்துவிட்டு, எதிர்ப்புறம் ஒதுங்கிப் போனார்.

மஞ்சள் விளக்கு வந்தது. ஹில்கா மணியை அழுத்தினாள். உறைந்துபோன மணி 'டொக்' என்றது. இன்னொரு முறை, 'டொக்'. விளக்கு மேட்டுப் பக்கம் திரும்பியது. திங்கட்கிழமைபோல அன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்திருக்க வேண்டும், மறந்திருந்தாள். குரல் கரகரத்துத்தான் வந்தது. காலை வணக்கம் என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள், வந்தது வேறு.

"செயின்ல ஒண்ணும் கோளாறு இல்ல!"

சைக்கிள் நின்றது. அவர் ஒரு காலை ஊன்றி, ஏரிப் பக்கம் பார்த்தார். ஒரு சரக்கு ரயில் பாலத்தின் மேல் முழுசாகக் கடந்து போயிற்று.

"தெரியும்," என்றார். "செயினு கழலவே இல்ல." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அன்னைக்கு என்ன பேசுறதுன்னு தெரியல. நீங்க குனிஞ்சப்ப, அப்பாடான்னு இருந்துச்சு."

ஹில்காவுக்குச் சிரிப்பு வந்தது. முகம் விறைத்திருந்ததால் வெளியே தெரிந்ததோ என்னவோ.

"கீழ பாதயில பனிய ஒதுக்கிட்டாங்களா?" என்றார்.

"ஒதுக்கிட்டாங்க. வளைவுல மட்டும் ஐஸு. பாத்துப் போங்க."

"சரி."

மஞ்சள் விளக்கு ஏரிக்கரைக்கு இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் ஒருமுறை மணி அடித்தது. பதிலுக்கு ஹில்கா அடித்தாள். 'டொக்.'

மஞ்சள் விளக்குக்காரரைப் பார்த்ததைச் சொன்னதும், சமையலறையில் மெர்வி விடவில்லை. "பேசிட்டியா! பேரு என்னவாம்?"

"கேக்கல."

"வேல?"

"கேக்கல."

"அட பாவி! அப்ப என்னத்தடி பேசுனீங்க?"

"செயினப் பத்தி."

மெர்வி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை. "திங்கக்கெழம பாப்போம்" என்றுவிட்டு ஹில்கா வீட்டுக்கு வந்தாள். சைக்கிளைக் கொட்டகையில் வைத்துப் பூட்டுமுன், ஸ்குரூ டிரைவரால் மணியை மட்டும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மாடியேறி, பூனை படுத்துக்கிடந்த இடத்தில், ஹீட்டரின் மேல் வைத்தாள். வெகுநேரம் கழித்து அதிலிருந்து ஒரு சொட்டு நீர் உருண்டு விழுந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.